மண்டபம் பக்கம் தூண்டில் போடச் சொந்தப் படகு: மதுரையிலிருந்து டிரெய்லரில் இழுத்துச் செல்வது ஒத்துவருமா?

வைகைக்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் வசிக்கிறேன். என் தாயாரின் ஊர் உச்சிப்புளிக்கு அருகில் இருக்கிறது. சிறுவயதில் கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் என் மாமா வத்தை என்ற சிறு படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கைத்தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆசை இன்றுவரை விடவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாவது அரியமான் அல்லது தேவிபட்டினம் கரையில் நின்று ராடும் ரீலும் வைத்து மீன் பிடிக்கிறேன். கரையிலிருந்து வீசும் நரம்புக்குக் கிழங்கானும் சிறு பாறைக் குஞ்சுகளும் கிடைக்கின்றனவே தவிர, சற்று ஆழத்தில் மேயும் விளைமீனும் சீலாவும் எட்டுவதில்லை.

தெரிந்தவர் ஒருவர் 16 அடி ஃபைபர் படகையும், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்ட் எஞ்சினையும், ஒற்றை அச்சு டிரெய்லரையும் சேர்த்து விற்பதாகச் சொல்கிறார். மொத்த எடை 550 கிலோ இருக்கும் என்கிறார். என்னிடம் டீசல் எஸ்.யூ.வி. கார் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு மதுரையில் கிளம்பி, விடியற்காலையில் படகை இறக்கி, மாலையில் திரும்பவும் ஏற்றிக்கொண்டு வருவது நடைமுறையில் முடியுமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? சொந்தமாகப் படகு வைத்திருந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நெடுஞ்சாலைத் தோணி எழுதியது:

நீங்கள் கேட்பதை நான் நான்கு வருடங்கள் செய்து பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த டிரெய்லருக்குப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான். காரின் எண்ணைப் பின்னால் எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த டிரெய்லராக இருந்தால், வாங்கிய பிறகு அதைப் பதிவு செய்ய நீங்கள் படும் பாடு படகின் விலையைவிடப் பெரியதாகத் தோன்றும். காரில் கொக்கி பொருத்துவதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

அடுத்தது எடை. மொத்த எடை எவ்வளவு என்பதைவிட, அதில் எவ்வளவு உங்கள் காரின் கொக்கியில் இறங்குகிறது என்பதுதான் சாலையில் உங்களைக் காப்பாற்றும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி முன்பக்கம் இறங்க வேண்டும். 550 கிலோவுக்கு ஏறத்தாழ 50 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் கருவியின்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதில் இறக்கினால் கணக்கு தெரிந்துவிடும். எஞ்சின், பெட்ரோல் டாங்க், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் படகின் பின்புறத்திலேயே வைத்து நான் ஒருமுறை கிளம்பினேன். மானாமதுரை தாண்டி 70 கி.மீ. வேகம் எடுத்ததும் டிரெய்லர் பாம்பைப் போல் இடமும் வலமும் அலையத் தொடங்கியது. அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் கார் திரும்பிவிடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து, வேகம் தானாகக் குறையும்வரை காத்திருந்தேன். ஐஸ் பெட்டியையும் டாங்கையும் அணியத்தின் (படகின் முன்முனையின்) பக்கம் நகர்த்திய பிறகு அந்தத் தொல்லை வரவே இல்லை.

என்னை மிகவும் சோதித்தது சக்கர பேரிங்தான். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதி நன்றாகச் சூடேறியிருக்கும். வந்ததும் வராததுமாக டிரெய்லரைக் கடலில் இறக்கினால், சூடாக இருந்த உள்காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது கிரீஸுடன் கலந்து உள்ளேயே துருவை உண்டாக்கும். மூன்றாவது மாதத்தில், சத்திரக்குடிக்கு அருகில், இரவு ஒன்பது மணிக்குத் தீய்ந்த கிரீஸ் வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் இடது சக்கரத்திலிருந்து புகை. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றியபோது கல்லை அரைப்பது போன்ற சத்தம் வந்தது. பேரிங் உருளைகள் உதிர்ந்து, அச்சின் மேல் ஆழமாகக் கோடு விழுந்திருந்தது. அன்று இரவு முழுவதும் படகைச் சாலையோரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு கடற்கரைக்கு வந்ததும் முக்கால் மணி நேரம் ஆறவிட்ட பின்பே தண்ணீரில் இறக்கினேன், திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவினேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேரிங்கைக் கழற்றித் தண்ணீருக்குத் தாங்கும் கிரீஸ் வைத்தேன். உதிரி பேரிங் ஒரு ஜோடியும் உதிரிச் சக்கரம் ஒன்றும் இல்லாமல் அந்தச் சாலையில் படகை இழுக்காதீர்கள். பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை நன்றாக இருக்கும். அதற்கப்பால் ராமநாதபுரம் வரை குறுகலான பகுதிகளில் எதிரே பேருந்து வந்தால் ஒதுங்குவதற்கு அதிக இடம் கிடைக்காது.

நம் கடற்கரையில் தனியார் படகை டிரெய்லரோடு இறக்குவதற்கென்று சிமென்ட் சரிவு எதையும் நான் பயன்படுத்தியதில்லை, மணலில்தான் இறக்கினேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இல்லாவிட்டால் மணலில் புதைந்துவிடும். டயர்க் காற்றைக் குறைத்து, அடியில் பலகை போட்டு, இரண்டு பேர் தள்ளி, காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஏழரைக்குத்தான் தூண்டில் தண்ணீரில் விழும். நான்காம் வருடம் டிரெய்லரை விற்றுவிட்டு, கரைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் மாத வாடகைக்குப் படகை நிறுத்தினேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வடகடல் மகள் எழுதியது:

நான் பாம்பனில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். இப்போது ஆசிரியையாக இருக்கிறேன். சாலையைப் பற்றி மேலே எழுதிய அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். கடலைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

எங்கள் ஊர்களில் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்வோம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். ஐப்பசியில் வாடை என்ற வடகிழக்குக் காற்று பிறந்ததும் இது தலைகீழாக மாறும். நாட்டுப்படகுக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் படகை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோவார்கள். வெளியூரிலிருந்து வருபவர்களும் இதைக் கேள்விப்பட்டு, "கச்சான் காலத்தில் அரியமான் பக்கம் குளம் மாதிரி இருக்கிறது, பயமில்லை" என்று இறங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கடல் ஏன் குளம் மாதிரி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை. அதே காற்றுதான், எஞ்சின் நின்றுபோன படகைக் கரையிலிருந்து வடகிழக்கே, எல்லைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. இரண்டு கிலோமீட்டர் போனதும் நிலத்தின் மறைவு நீங்கி அலையும் பெரிதாகிவிடும். அந்த நிலையில் ஒற்றைத் துடுப்பால் எதிர்க்காற்றில் கரைசேர முடியாது. தென்கடலில் வாடைக் காலத்துக்கும் இதே கணக்குதான். அங்கே காற்று உங்களைத் தெற்கே தள்ளும். என் சித்தப்பா ஒருமுறை கச்சானில் எஞ்சின் பழுதாகி, நங்கூரக் கயிறு போதாமல் இரவு முழுவதும் ஒதுங்கிக்கொண்டே போனார். மறுநாள் காலையில் வேறொரு வள்ளத்துக்காரர் கண்டு இழுத்து வந்தார். அவர் அந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்.

ஆகவே நங்கூரத்தைப் பெயருக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வடகடலில் நீங்கள் போகும் தூரத்தில் ஆழம் ஐந்தாறு மீட்டர்தான் இருக்கும். அதற்கு 30 முதல் 40 மீட்டர் கயிறும், நங்கூரத்தை ஒட்டி இரண்டு மீட்டர் சங்கிலியும் வேண்டும். எஞ்சின் நின்றால் முதல் வேலை நங்கூரத்தை இறக்குவது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு. எஞ்சின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதா என்று அடிக்கடி திரும்பிப் பாருங்கள். வடகடலில் தாழை என்று நாங்கள் சொல்லும் கடற்புல் அதிகம். அது உறிஞ்சும் துளையை அடைத்தால் சில நிமிடங்களில் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். அந்தப் புல்வெளிகள் ஆவுளியா என்ற கடற்பசு மேயும் இடங்கள் என்பதால், அங்கே வேகத்தைக் குறைத்துச் செல்வது நமக்கும் அதற்கும் நல்லது.

தென்கடலில் முசல் தீவு, மனோலி, குருசடை முதலிய 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே தூண்டில் போடுவதும் அனுமதியில்லாமல் தீவில் இறங்குவதும் குற்றம். பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், நங்கூரம் இறங்கினால் பவளப்பாறை உடையும். படகின் பதிவுக்கும் கடலுக்குப் போகும் அனுமதிக்கும் மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்தில் விவரம் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லைக் கடல் என்பதால் கடலோரக் காவல் படையும் கடற்படையும் நிறுத்திக் கேட்பார்கள். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரக் காவல் நிலையத்துக்கு 1093 என்ற எண்களைக் கைபேசியில் பதிந்து, கைபேசியை நீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் கரையை விட்டு நகராதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரிசையாக மிதக்கும் மிதவைகளைக் கண்டால் அவற்றின் கொடி முனையைச் சுற்றிப் போங்கள். ஒரு வலை உங்கள் எஞ்சின் விசிறியில் சிக்கி அறுந்தால், அது ஒரு குடும்பத்தின் பல நாள் வருமானம்.

கீழக்கரை தூண்டில்காரர் எழுதியது:

சகோதரி சொன்ன காற்றுக் கணக்கு நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் காக்கா (அண்ணன்) ஒருவர் எப்போதும் இரண்டு துடுப்பும், எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு தொடாமல் மிச்சமும் வைத்திருப்பார். நானும் அதையே கடைப்பிடிக்கிறேன்.

டிரெய்லரே வேண்டாம் என்ற கருத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். தோப்பிலிருந்து தண்ணீர் வரை கொண்டுபோகவும், மழைக்காலத்தில் பழுது பார்க்க ஊருக்குள் எடுத்துவரவும் ஒரு டிரெய்லர் தேவைப்படுகிறது. மதுரையிலிருந்து வாரந்தோறும் இழுப்பதுதான் வேண்டாத வேலை. என் படகு கரையிலிருந்து 200 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. ஒரு டிராக்டர்க்காரர் பத்து நிமிடத்தில் இறக்கிக் கொடுத்துவிடுவார்.

பழைய எஞ்சின் வாங்கும்போது, உரிமையாளர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். கியர் எண்ணெயை ஒரு துளி இறக்கிப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. படகில் எஞ்சின் மாட்டும் பின்பலகையைக் கட்டையால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், சொத சொதவென்று ஒலித்தால் ஃபைபருக்குள் இருக்கும் மரம் ஊறிப்போயிருக்கிறது.

பாரோரத்தில் தூண்டில் போடும்போது ஓரா மீன் ஏறினால் கையால் பிடிக்காதீர்கள். அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு. எனக்குக் குத்தியபோது தோள்பட்டை வரை கடுத்தது. பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தபோதுதான் வலி தணிந்தது. அன்று முதல் ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோகிறேன்.

முதல் ஒரு வருடத்துக்குச் சொந்தப் படகு வாங்காமல், உள்ளூர் நாட்டுப்படகுக்காரர் ஒருவருக்கு எரிபொருள் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுத்து உடன் போய்ப் பழகுங்கள் என்பதே என் யோசனை. எந்த மாதத்தில் எந்த மீன்பாடு, எந்த நீவாட்டில் (நீரோட்டத்தில்) விளைமீன் கடிக்கும் என்பதையெல்லாம் அவரிடம்தான் கற்க முடியும்.

வைகைக்கரையான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய் நேரில் பார்த்தேன். டிரெய்லருக்குப் பதிவு இல்லை. ஜாக்கி வைத்து வலது சக்கரத்தைச் சுற்றியபோது, அண்ணன் எழுதிய அதே அரைக்கும் சத்தம் கேட்டது. கியர் எண்ணெய் தெளிவாக இருந்தது. எஞ்சின் குளிர்ந்த நிலையில் மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. பின்பலகையும் நன்றாக ஒலித்தது. படகையும் எஞ்சினையும் மட்டும் தனி விலைக்குக் கேட்டிருக்கிறேன். பதிவு விவரம் மீன்வளத் துறையில் கேட்டுத் தெரிந்த பிறகே பணம் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

உச்சிப்புளியில் மாமா மகனின் தோப்பில் நிறுத்த இடம் இருக்கிறது. படகை லாரியில் ஒரே ஒருமுறை கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மச்சான் பக்கத்து வீட்டு வள்ளத்துக்காரரிடம் பேசியிருக்கிறார். வாடை ஓயும்வரை அவருடைய வள்ளத்தில் உடன் போய்ப் பழகச் சம்மதித்திருக்கிறார். நங்கூரக் கயிறு மட்டும் இன்றே 40 மீட்டர் வாங்கிவிட்டேன். அரியமானுக்கு நேரே, மணல் தரையில் பிடிப்பதற்கு நான்கு கொக்கி நங்கூரம் போதுமா, அல்லது தகடு போன்ற முனை உடையது வாங்க வேண்டுமா என்பதைச் சகோதரி சொன்னால் அடுத்த வாரம் அதையும் வாங்கிக்கொள்வேன்.

வடகடல் மகள் எழுதியது:

மணலுக்குத் தகடு முனைதான் பிடிக்கும். நான்கு கொக்கி நங்கூரம் கல்லிலும் பாரிலும் மாட்டிக்கொள்ளும், மணலில் உழுதுகொண்டே வரும். 16 அடிப் படகுக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் வாங்குங்கள். கயிற்றின் மறுமுனையை அணியத்தில் கட்டிவிட்டீர்களா என்று, கரையில் இருக்கும்போதே ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.