பப்பாசி விதை ஒன்றுபோல முளைக்க என்ன செய்யலாம்?

சர்மி, வெள்ளவத்தை:
தொடர்மாடியின் மொட்டை மாடியில் பப்பாசியும் கொடித்தோடையும் விதை போட்டு வளர்க்கிறேன். பழத்தை வெட்டியதும் விதையை அப்படியே யோகட் கோப்பையில் ஊன்றுகிறேன். பாதிகூட வருவதில்லை. வருவதும் ஒன்று இன்றைக்கு என்றால் இன்னொன்று எத்தனையோ நாள் கழித்து. அப்புறம், இரண்டு இலை விட்ட கன்று மண் மட்டத்தில் நூலாய்ச் சுருங்கிச் சாய்ந்துவிடுகிறது. விதைக்கு மருந்து ஏதும் வேண்டுமா?

தும்புமண்:
மருந்து பிறகு, முதலில் அந்த வழுவழுப்பான உறையைக் கழற்றுங்கள் அக்கா. பப்பாசி விதையைச் சுற்றியிருக்கும் அந்த உறையிலேயே முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. அரிதட்டில் போட்டு, தண்ணீர் விட்டுக் கையால் தேய்த்தால் உறை வெடித்து, உள்ளே சுருக்கம் சுருக்கமான கறுப்பு விதை சொரசொரப்பாகக் கைக்குத் தெரியும், அதுவரை விடாதீர்கள். பிறகு தண்ணீரில் போட்டு மிதப்பதை எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒரு நாள் ஊறவைத்து நடுங்கள். அரை அங்குல ஆழம் போதும். சரியான சூட்டில் இரண்டு மூன்று கிழமையில் வரும், கொழும்புச் சூடு அதற்குத் தோதானதுதான்.

கொடித்தோடைக்குச் சதையோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டுக் கழுவினால் விதை சுத்தமாகக் கழன்று வரும். அதைப் புதிதாகவே போடுங்கள், பழசானால் முளைக்க மாதக்கணக்காகும்.

மாடித்தோட்டக்காரன்:
சாய்வது நாற்றழுகல். பித்தியம், ரைசொக்டோனியா போன்ற பூஞ்சை வகைக் கிருமிகளின் வேலை, விதையில் குற்றமில்லை. மழை நாளில் கோப்பையில் தண்ணீர் தேங்கினால் அவற்றுக்குக் கொண்டாட்டம். தோட்டத்து மண்ணை விட்டுவிட்டு, நன்றாக அலசிய தும்புத்தூளும் மணலும் கலந்து பாருங்கள் (அலசாத தும்புத்தூளில் உப்பு இருக்கும், அது கன்றைக் கருக்கும்), கோப்பையின் அடியில் துளை கட்டாயம். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் காலையில். கூரை நிழலில் மூலையில் வைக்காமல் வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் வையுங்கள்.

சர்மி:
நன்றி அண்ணா. முளைப்பைத் தூண்ட ஜிபரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை எல்லோரும் சொல்கிறார்களே, அது தேவையா?

தும்புமண்:
பப்பாசிக்குப் பலன் தருவதுதான். லீற்றருக்கு 200 மில்லிகிராம் அளவில் கரைத்து ஊறவைப்பார்கள், தூள் தண்ணீரில் இலேசில் கரையாது, கொஞ்சம் அற்ககோலில் கரைத்துத்தான் தண்ணீரில் சேர்க்க வேண்டும். கழுவாத விதையில் ஊற்றினால் காசு வீண். வீட்டுக்குப் பத்துக் கன்று போதும் என்றால் கழுவி ஊறவைப்பதே காணும். ஒன்று பாருங்கள், சந்தைப் பழம் ரெட் லேடி என்றால் அது கலப்பினம், அதன் விதையில் தாயைப் போலவே பழம் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மாடித்தோட்டக்காரன்:
மாங்கொட்டை, ரம்புட்டான் போடுவதென்றால் விதையை உலர்த்திவிடாதீர்கள். அவை காய்ந்தால் செத்துவிடும், பழம் சாப்பிட்ட கையோடு ஊன்ற வேண்டும். பப்பாசிக் கன்றையோ கோப்பையில் வளரவிட்டுப் பிடுங்கி நட்டால் வேர் அறுந்து வாடும், நாலைந்து இலை வந்ததும் மண்கட்டி உடையாமல் பெரிய சாடிக்கு மாற்றுங்கள், ஒரு சாடிக்கு ஒன்று.