இன்ஃபினிட்டிவ் (இங்கிலீஷில் 'டு கோ' போல வரும் வினை வடிவம்) எங்கே இடிக்கிறது? மலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குன்னூரிலிருந்து:

சாயங்காலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கிராமர் எடுக்கிறேன். டாக்ஸி ஓட்டும் தம்பிகள் சிலரும் வந்து உட்காருவார்கள். அதில் ஒருவர் சொன்ன சம்பவம் இது.

முதுமலைக் காட்டுக்குள் போகிற ரோட்டில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கவும் கூடாது. ஓரத்தில் யானையைப் பார்த்ததும் வண்டியிலிருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே ஃபோனை நீட்டியிருக்கிறார்கள். இவர் பதறிப்போய், 'ப்ளீஸ் ஸ்டாப் டு டேக் போட்டோஸ்' என்றாராம். போட்டோ எடுக்க வண்டி நிற்கப் போகிறது என்று நினைத்து அவர்கள் கதவில் கை வைத்துவிட்டார்கள். அவர் சொல்ல வந்தது 'ஸ்டாப் டேக்கிங் போட்டோஸ்'.

கேட்டதும் எனக்குப் பகீரென்றது. ஆனால் இந்த வித்தியாசம் தமிழ் பேசுகிறவருக்குப் புதிதே இல்லை. 'எடுக்க நிறுத்துங்கள்', 'எடுப்பதை நிறுத்துங்கள்' என்று நாமே பிரித்துத்தான் பேசுகிறோம். 'எடுக்க' என்பதைத் தமிழ் வகுப்பில் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று படித்திருப்போம். இங்கிலீஷ் வகுப்புக்கு வந்ததும் அதை மறந்துவிட்டு 'டு'வை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

என் வகுப்பில் ரொம்ப நேரம் ஓடுவது ஒரே ஒரு வாக்கியத்தில். 'அப்பா என்னை எஸ்டேட்டுக்குப் போகச் சொன்னார்.' இங்கிலீஷில், 'ஃபாதர் டோல்ட் மீ டு கோ டு தி எஸ்டேட்.' நம் வாக்கியத்தில் கடைசியில் நிற்கும் 'சொன்னார்' அங்கே அப்பாவுக்கு அடுத்து வந்துவிடுகிறது. 'போக' அதற்குப் பின்னால் வருகிறது, எஸ்டேட் கடைசிக்குப் போகிறது. எழுவாயை விட்டுவிட்டு மற்றதை வாலிலிருந்து படித்துக்கொண்டு வந்தால் ஏறக்குறைய இங்கிலீஷ் வரிசை கிடைக்கும். அதில் இருக்கும் இரண்டு 'டு'வும் ஒன்றில்லை. முதலாவது வினையோடு சேர்ந்தது, இரண்டாவது நம்முடைய 'க்கு'.

அப்புறம், நடந்து முடிந்த விஷயம்தானே என்று 'டோல்ட் மீ டு வென்ட்' என்று எழுதுவார்கள். 'போனச் சொன்னார்' என்று யாராவது பேசுவோமா? காலத்தைச் 'சொன்னார்' சுமக்கிறது. 'போக'வுக்குக் காலமும் இல்லை, ஆள் யார் என்பதும் இல்லை. 'டு கோ'வும் அதே மாதிரிதான். இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் தெளிவதைப் பார்க்கிறேன். இலக்கணத்தை நம் மொழியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கொடைக்கானலிலிருந்து:

அக்கா, இங்கே ஹோம்ஸ்டே நடத்துகிற எங்களுக்கு வேறு தொல்லை. 'டு' தேவையில்லாத இடத்திலும் போட்டுவிடுகிறோம். 'யூ கேன் டு சீ பில்லர் ராக்ஸ்' என்று எங்கள் பையன்கள் தினமும் சொல்கிறார்கள். கேன், மஸ்ட், ஷுட், வில் இதற்கெல்லாம் பின்னால் வெறும் வினைதான். 'ஆட் டு' (ought to) மட்டும் விலக்கு.

மேக், லெட் இரண்டும் அப்படித்தான். கோக்கர்ஸ் வாக்கில் மூடுபனி இறங்கிக் காத்திருந்தால் 'தி மிஸ்ட் மேட் அஸ் வெயிட்'. அதையே செயப்பாட்டு வினையாக்கினால் விட்டுப்போன 'டு' திரும்ப வந்துவிடுகிறது: 'வீ வேர் மேட் டு வெயிட்.' இதை ஒரு விருந்தாளி பொறுமையாக எழுதிக் காட்டினார். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து:

எங்கள் வீட்டில் குரங்குத் தொல்லை. வாடகைக்கு இருக்கும் வெளியூர்க்காரரிடம் 'ரிமெம்பர் டு லாக் தி விண்டோ' என்றால் இனிமேல் பூட்ட மறக்காதீர்கள் என்று அர்த்தம். அவர் 'ஐ ரிமெம்பர் லாக்கிங் இட்' என்றால் பூட்டினது ஞாபகம் இருக்கிறது என்கிறார். எந்த வினைக்குப் பின் எது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது டீச்சர்?

குன்னூரிலிருந்து:

எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விதி கிடையாது தம்பி. வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் ஜோடியாகப் பழகுங்கள். வான்ட் டு, டிசைட் டு, ஹோப் டு, ப்ராமிஸ் டு ஒரு பக்கம். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் மூன்றுக்கும் 'இங்' வடிவம்தான். ஸ்டார்ட், பிகின் எப்படி வந்தாலும் பெரிதாகப் பொருள் மாறாது. ஸ்டாப், ரிமெம்பர், ஃபர்கெட் மூன்றிலும் பொருளே மாறிவிடும், அதனால் முதலில் அவற்றைப் பழகுங்கள்.