ரத்தம் எப்படி திசு ஆகும்? செல் எதுவும் ஒட்டவே இல்லையே

ரங்கூன்_செல்வி:
வணக்கம், நான் ரங்கூன்ல பக்கத்து வீட்டு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குறேன், ஸ்கூல்ல பர்மீஸ்ல படிச்சிட்டு வர்றத நான் தமிழ்ல விளக்குவேன். செல் சேர்ந்து திசு, திசு சேர்ந்து உறுப்பு, உறுப்பு சேர்ந்து மண்டலம்னு சொல்லிட்டே வந்தா ஒரு பொண்ணு கேட்டுடுச்சு, "ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கே டீச்சர், அது எப்படி திசு?" இப்ப எனக்கே டவுட்டு.

தட்டோன்காரன்:
ஒட்டித்தான் இருக்கணும்னு சட்டம் இல்ல தங்கச்சி. செல்லுங்க, அதுங்களுக்கு நடுவுல இருக்குற பொருள், ரெண்டும் சேர்ந்து ஒரு வேலை பாத்தா அது திசு. நம்ம உடம்புல நாலு வகை: எபிதீலியம் (உடம்பு, உறுப்புங்க மேல, உள்ள போர்த்துன மாதிரி இருக்குற படலம்), தசை, நரம்பு, இணைப்புத் திசு. எபிதீலியத்துலதான் செல்லு நெருக்கியடிச்சு நிக்கும். இணைப்புத் திசுல பெரும்பாலும் செல்லு கம்மி, நடுவுல இருக்குற சரக்குதான் ஜாஸ்தி, எலும்புல அது கால்சியம் உப்பு ஏறி கெட்டியாயிடுது, ரத்தத்துல அது பிளாஸ்மா, தண்ணியா இருக்கு, ரத்தத்துல சுமார் 55 சதவீதம் அதான். எலும்பும் ரத்தமும் ஒரே குடும்பம்னு சொன்னா பிள்ளைங்க நம்பாது, ஆனா உண்மை.

மோல்மேன்_ராஜா:
அண்ணே, இணைப்புத் திசுன்னா நார் இருக்கணுமே, ரத்தத்துல எங்க?

தட்டோன்காரன்:
நல்ல கேள்வி தம்பி. ஃபைப்ரினோஜன்னு ஒரு புரதம் பிளாஸ்மாவுல கரைஞ்சு கெடக்கு, காயம் பட்டா அதுவே ஃபைப்ரின் நூலா மாறி வலை பின்னிடும், அதுல செல்லு மாட்டி ரத்தம் உறையுது.

ரங்கூன்_செல்வி:
ஓ! அப்ப இதயம்?

தட்டோன்காரன்:
அதுல நாலு வகையும் இருக்கு. துடிக்கிறது தசை, உள்பக்கம் மெழுகுன மாதிரி எபிதீலியம், வால்வு இணைப்புத் திசு, வேகத்த கூட்டிக் குறைக்க நரம்பு. அதனாலதான் உறுப்பு.

இன்லே_மீனா:
செடிய விட்டுட்டீங்களே! எங்க இன்லே ஏரியில தாமரைத் தண்ட ஒடிச்சு மெதுவா இழுத்தா நூல் வரும், அத திரிச்சு துணியே நெய்றாங்க. அந்த நூல் சைலம் குழாய் சுவர்ல சுருளா இருக்குற தடிப்பு. சைலம் குழாய் செல்லு செத்த பொறகுதான் தண்ணி ஏத்துற வேலையே பாக்கும், அப்பவும் அது திசுதான். செல்வி அக்கா, ஒரு தண்டு வாங்கிட்டுப் போய் வகுப்புல ஒடிச்சுக் காட்டுங்க.

மோல்மேன்_ராஜா:
திசுவே இல்லாத பிராணியும் உண்டு, கடல் பஞ்சு. 1907ல அமெரிக்காவுல வில்சன்னு ஒருத்தர் அத மெல்லிசு துணியில வச்சு பிழிஞ்சு செல் செல்லா பிரிச்சு விட்டார், அதுங்க தானா நகர்ந்து ஒண்ணு கூடி மறுபடி பஞ்சா வளர்ந்துச்சு. நம்ம செல்ல அப்படி பிழிஞ்சா அவ்ளோதான்😅