லஞ்சிங்குக்கு ஒரு தமிழ்ச் சொல், வெள்ளிக்கிழமைக்குள்

மாங்குளத்திலிருந்து

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். ஒரு அவசர உதவி.

எங்கள் ஊரில், முல்லைத்தீவு வீதியோரம், ஒருவர் நுவரெலியாவிலிருந்து இரண்டு குதிரைகளைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் பழக்கத் தொடங்கியிருக்கிறார். சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். தமிழ் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக அறிவிப்புப் பலகை எழுதித் தரும் வேலை என் தலையில். பெயின்ரர் வெள்ளிக்கிழமை வருகிறார்.

முதல் பலகையில் "குதிரைச் சவாரி பழக்கப்படும்" என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் சவாரி என்றால் மாட்டுவண்டிப் போட்டிதானே. இரண்டு கிழமையாகச் சனம் வந்து "போட்டி எப்ப, பரிசு எவ்வளவு" என்று கேட்டதில் அதைக் கழற்றிவிட்டோம். இப்போது "குதிரையேற்றம்". அதில் சண்டை இல்லை.

சிக்கல் லஞ்சிங்கில். பழக்குபவர் நடுவில் நிற்பார். ஏழெட்டு மீற்றர் நீளமான கயிற்றின் ஒரு நுனி குதிரையின் மூக்குப் பட்டையில், மறு பக்கம் அவர் கையில். மற்றக் கையில் நீளச் சவுக்கு. அது அடிக்க அல்ல, காட்ட. குதிரை அவரைச் சுற்றி வட்டமாகப் போகும். புதுப் பிள்ளையை முதலில் இப்படித்தான் ஏற்றுவார். கடிவாள வாரைக் கையில் கொடுக்காமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இருக்கச் சொல்வார். நிதானம் வந்த பிறகுதான் வார்.

பலகையில் இரண்டு வரி வேண்டும்: "லஞ்சிங் நடக்கும்போது வட்டத்துக்குள் வராதே." "லஞ்ச் கயிற்றைக் கையில் சுற்றாதே." முதல் நாளே ஒரு பெடியன் "லஞ்ச் எத்தினை மணிக்கு ரீச்சர்" என்று கேட்டான். அவனுடைய அப்பப்பா கேட்டது வேறு: "குதிரைக்கும் லஞ்சம் குடுக்க வேணுமோ?"

ஒரு சொல் தாருங்கள்.

முள்ளியவளையிலிருந்து

தங்கச்சி, சொல்லைத் தேட வேண்டியதில்லை, இரண்டாயிரம் வருசமாக இருக்கிறது. மதுரைக்காஞ்சியில் "அடிபடு மண்டிலத்து ஆதி போகிய" என்று புரவியைச் சொல்கிற இடத்தைப் பாருங்கள். குதிரையின் அடி பட்டுப் பட்டுத் தேய்ந்த வட்டம்தான் அடிபடு மண்டிலம். ஆதி என்பது நேரோட்டம். வட்டமாகப் பழகிய குதிரை பிறகு நேராக ஓடுகிறது. உங்கள் பழக்குபவர் செய்வதும் இதுதானே? ஆகவே மண்டிலம், மண்டிலித்தல், மண்டிலக் கயிறு.

மண்டிலம் என்பதன் வேர் மண்டு. மண்டுதல் நெருங்கிச் செறிதல். மண்டியிடுதலில் கால் மடங்குகிறது. மடங்குவது வளைவு. வளைவின் முடிவு வட்டம். இதை விரிவாக நாளை எழுதுகிறேன். கலித்தொகையில் "குதிரை வழங்கி வருவல்" என்று தலைவன் பிந்தி வந்ததற்குச் சாட்டுச் சொல்ல, நீ ஏறிய குதிரை எது என்று எனக்குத் தெரியும் என்று தலைவி பிடிக்கிற இடமும் இங்கே பொருந்தும்.

வவுனியாவிலிருந்து

ஐயா, பலகை பிள்ளைகளுக்கு. கலித்தொகைக் குதிரையைத் தயவுசெய்து வெளியே கட்டிவிட்டு வாருங்கள்.

ரொறன்ரோவிலிருந்து

ஐயா மீது எனக்குள்ள மதிப்பு குறையாமல் சொல்கிறேன்: மண்டிலம் தமிழ் உடுத்திய மண்டலம். மண்டு, மண்டி என்று எத்தனை முறை மடக்கினாலும் அது வடசொல்தான். நம்மிடம் வள் என்ற வேர் இருக்கிறது. வளை, வளையம், வளாகம், வட்டம். ஏறிச் செல்வதற்கு ஊர்தல் இருக்கிறது. என் முன்மொழிவு: வளையூர்வு.

சனத்துக்கு விளங்காது என்று யாராவது சொல்லுமுன், கிளிநொச்சியில் பேக்கரிக்கு வெதுப்பகம், ஐஸ்கிறீமுக்குக் குளிர்களி, மோட்டார் சைக்கிளுக்கு உந்துருளி எல்லாம் பலகையில் ஏறியதை நினைத்துப் பாருங்கள். எழுதினால் பழகும்.

மாங்குளத்திலிருந்து

தம்பி, நானும் அந்தப் பலகைகளுக்குக் கீழே நின்று வளர்ந்தவள். வெதுப்பகத்தின் வாசலில் நின்றுகொண்டு "பேக்கரியில பாண் முடிஞ்சுதாம்" என்றுதான் கதைத்தோம். உந்துருளி இன்றும் செய்தி வாசிப்பில் வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெதுப்பகம் விளங்காவிட்டால் பாண் கிடைக்காது, அவ்வளவுதான். இந்தப் பலகை விளங்காவிட்டால் பிள்ளைக்கு உதை விழும்.

முள்ளியவளையிலிருந்து

"மண்டிலம் குட்டம் என்றிவை இரண்டும்" என்று தொல்காப்பியமே ஆளுகிறது. தொல்காப்பியருக்குக் கூடிய சொல் ரொறன்ரோவுக்குக் கூடாதோ? தம்பி ஊர்தல் என்றதும் புறநானூற்றில் பிட்டங்கொற்றனை "ஊராக் குதிரைக் கிழவ" என்பது நினைவுக்கு வருகிறது. ஏற முடியாத குதிரை, ஏனென்றால் அது குதிரை என்ற மலை. வில்பத்துக் கரையில் நமக்கும் ஒரு குதிரைமலை இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது தனி இழை.

வவுனிக்குளத்திலிருந்து

எல்லோரும் புத்தகத்தைப் பார்க்கிறீர்கள், களத்தைப் பார்க்கவில்லை. உழவு இயந்திரம் வருமுன் நாங்கள் என்ன செய்தோம்? எருமைகளை வரிசையாகப் பிணைத்துக் களத்தில் வட்டமாக விட்டுச் சூடு மிதித்தோம், கதிரிலிருந்து நெல் உதிர. உள்ளே நிற்கிற மாடு நின்ற இடத்தில் அசைந்தால் போதும், வெளியே நிற்கிற மாடு ஓட வேண்டும். அதனால் நிதானமான கிழட்டு மாடு உள்ளே, இளசு வெளியே. சின்ன வயதில் இரவிரவாகப் "பொலியோ பொலி" என்று கத்திக்கொண்டு பின்னால் நடந்திருக்கிறேன். நித்திரை தூங்கிக்கொண்டே நடக்கலாம். நின்றால்தான் விழுவோம்.

குதிரை ஒன்று, மாடு ஆறு என்பதுதான் வித்தியாசம். இதற்கு ஒரு சொல் களத்திலிருந்து எடுங்கள். சூட்டோட்டம் என்றால் என்ன குறை?

வவுனியாவிலிருந்து

அண்ணை, உங்கள் கதைக்காகவே அந்தச் சொல்லுக்கு வாக்குப் போடலாம். ஆனால் வன்னியில் வீதியோரப் பலகையில் "சூட்டுப் பயிற்சி" மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டால் யார் வந்து இறங்குவார் என்று ஒருக்கா யோசியுங்கள்.

வவுனிக்குளத்திலிருந்து

அதுவும் சரிதான். விட்டுவிடுகிறேன். எங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சூடு என்றால் நெல் நினைவுக்கு வருவதில்லை.

சென்னையிலிருந்து

வெளியாள் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நேரடியாக "வட்ட ஓட்டல்" என்று வைத்தால் என்ன?

(எழுதி முடித்தபிறகுதான் தெரிகிறது, எங்கள் ஊரில் ஓட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. லஞ்சிலிருந்து தப்பி ஓட்டலுக்குள் நுழைந்துவிட்டேன். திரும்பப் பெறுகிறேன்.)

நெடுந்தீவிலிருந்து

குதிரை என்றதும் எங்களைக் கேட்பீர்கள் என்று மூன்று நாள் பார்த்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. இங்கே கட்டாக்காலிக் குதிரைகளுக்காகவே 2015இல் ஒரு பகுதியைத் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றை யாரும் வட்டமாகவும் விடுவதில்லை, நீளமாகவும் விடுவதில்லை. வறட்சியில் அவை தண்ணீர் தேடி அலைவதுதான் ஓட்டம். சொல்லுக்கு இவ்வளவு பேர் கூடுகிறோம், ஒரு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற இவ்வளவு பேர் வருவோமா தெரியாது.

அது கிடக்கட்டும். பலகையில் "குதிரைக் குட்டிக்குக் கிட்டப் போகாதே" என்றும் ஒரு வரி வருமா? வந்தால் குட்டியா, கன்றா?

முள்ளியவளையிலிருந்து

கன்று! தொல்காப்பிய மரபியல் தெளிவாகச் சொல்கிறது: "யானையும் குதிரையும் கழுதையும் கடமையும் ஆனோடு ஐந்தும் கன்றெனற்கு உரிய." பெண்குதிரை பெட்டை. ஆண்குதிரையைச் சேவல் என்பதையும் தள்ளக்கூடாது என்கிறது.

மாங்குளத்திலிருந்து

ஐயா, "சேவல் உதைக்கும், கவனம்" என்று நான் எழுதப் போவதில்லை. எங்களிடம் குட்டியும் இல்லை, கன்றும் இல்லை.

இன்று புதன். இதுவரை மண்டிலித்தல் ஒரு வாக்கு, வளையூர்வு ஒரு வாக்கு, அவரவர் வாக்கு. "சுற்றோட்டம், சுற்றுக்கயிறு" என்று தனிமடலில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கிறது.

வவுனியாவிலிருந்து

வேண்டாம் ரீச்சர், சுற்றுக்கயிறு வேண்டாம். நான் விலங்கு வைத்தியன், சொல்லாராய்ச்சி தெரியாது. உங்கள் இரண்டாவது வரியில் பொருத்திப் பாருங்கள்: "சுற்றுக்கயிற்றைக் கையில் சுற்றாதே." பெயரே சுற்றச் சொல்கிறது, பலகை சுற்றாதே என்கிறது. பத்து வயதுப் பிள்ளை எதைக் கேட்கும்?

இது விளையாட்டு இல்லை. குதிரை எதற்காவது வெருண்டு இழுத்தால், கையில் சுற்றிய கயிறு சுருக்காக இறுகும். விரல் போகும், அல்லது ஆளே நிலத்தில் இழுபடுவார். மிச்சக் கயிற்றை மடித்து மடித்து உள்ளங்கைக்கு மேலே வைக்க வேண்டும், இழுத்தால் மடிப்பு மடிப்பாக வழுக்கி விடுபடும்படி.

சொல்லோடு இன்னொன்றையும் பலகையில் சேருங்கள். ஒரே பக்கமாகச் சுற்றக்கூடாது, இடமும் வலமும் மாற்ற வேண்டும். வட்டம் சின்னதானால் மூட்டுக்குப் பாரம். பதினைந்து, இருபது நிமிடம் போதும். மாங்குளத்து வெயிலில் அதுவும் காலையிலோ பின்னேரத்திலோதான்.

ரொறன்ரோவிலிருந்து

அப்படியானால் வட்டக்கயிறு. வட்டம் வள் வேரிலிருந்து வருவதால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் செயலுக்குப் பெயர்?

வவுனிக்குளத்திலிருந்து

ஒரு கேள்வி. குதிரைகளோடு நுவரெலியாவிலிருந்து குதிரைக்காரர் யாரும் வந்திருக்கிறாரா? அவர் என்ன சொல்கிறார்?

மாங்குளத்திலிருந்து

அண்ணை, வெட்கமாக இருக்கிறது, அவரிடம் கேட்கவேயில்லை. இப்போதுதான் போய்க் கேட்டேன். குளம்புக்குள் கிடந்த கல்லைக் கிண்டிக்கொண்டிருந்தார். குதிரை முழு உடம்பையும் அவர் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றது. "இதுக்கு என்னண்ணே சொல்லுவீங்க?" என்றேன். தலை நிமிராமல், "எதுக்கு, ரவுண்டு விடுறதுக்கா?" என்றார்.

ரவுண்டு விடுகிறது. அவ்வளவுதான்.

அப்போ வட்டம் விடுதல்? நாங்களும் வண்டி விடுகிறோம், பட்டம் விடுகிறோம். "வட்டம் விடும்போது உள்ளே வராதே." "வட்டக்கயிற்றைக் கையில் சுற்றாதே." வகுப்பில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினேன், ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

வவுனியாவிலிருந்து

சரி. ஆதரவு.

வவுனிக்குளத்திலிருந்து

எனக்கும் சரி. நாங்களும் மாட்டை வட்டமாக விட்டோம் என்றுதானே முதலில் எழுதினேன். நானே கவனிக்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து

வளையூர்வைக் குழுவின் சொற்பட்டியலில் அடைப்புக்குறிக்குள்ளாவது சேருங்கள். மற்றபடி ஆதரவு.

முள்ளியவளையிலிருந்து

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். விடுதல் என்றால் நீங்குதல் என்றும் பொருள். கதையில் வரும் சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடிக் குதிரை முகத்தை விட்ட இடம் மா விட்ட புரம். அங்கே மாவை விட்டாள் என்றால் மா போய்விட்டது. இங்கே வட்டத்தை விட்டால் வட்டம் இருக்கிறதாம்! "வட்டம் விடும்போது" என்று வாசிக்கிற பிள்ளை, குதிரை வட்டத்தை விட்டு வெளியே பாயும்போது என்று எடுத்தால் யார் பொறுப்பு?

மண்டு என்ற வேர் பற்றி நாளை எழுதுவதாகச் சொன்னது பிந்திவிட்டது. எட்டுப் பக்கம் வந்திருக்கிறது. இணைப்பில் காண்க.

மாங்குளத்திலிருந்து

ஐயா சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால் "குதிரையை வட்டம் விடும்போது" என்று மாற்றிக் கொடுத்தேன். பெயின்ரர் ஒரு சொல் கூடினதற்கு இருநூறு ரூபாய் கூடக் கேட்டார், கொடுத்தாயிற்று. பலகை காய்கிறது.

அடுத்த பலகைக்கு, அந்த நீளச் சவுக்கை என்ன சொல்வது? பிள்ளைகள் துவரங்கேட்டி என்கிறார்கள். அவசரமில்லை.

முள்ளியவளையிலிருந்து

கேட்டி என்ற சொல்லின் வேர் மிகச் சுவையானது, தங்கச்சி.