மீட்டர் 6 வோல்ட் காட்டுகிறது, விசிறி மட்டும் அசையவே இல்லை. பேனல் பழுதா?

காட்பாடி மாலை வகுப்பு
வணக்கம். காட்பாடியில் எங்கள் மொட்டை மாடியில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பதினோரு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். நான் படித்தது பி.காம். அறிவியல் எனக்கும் அவர்களோடு சேர்ந்துதான் புரிந்துகொண்டு வருகிறது. பள்ளிக் கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள். ‘வெயிலில் சுற்றும் விசிறி’ செய்வதாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

உள்ளங்கை அளவு சோலார் பேனல் ஒன்று வாங்கினோம். பின்னால் 6 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. மோட்டார், உடைந்த பொம்மைக் காரிலிருந்து கழற்றியது. வெயிலில் வைத்து மல்டிமீட்டரால் பார்த்தால் 6.3 வோல்ட். மோட்டாரை மாட்டினால் அசைவே இல்லை. விரலால் தட்டிவிட்டால் நாலு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. அதே மோட்டார் ஒரே ஒரு பென்சில் செல்லில் பறக்கிறது.

“ஒன்றரை வோல்டுக்குச் சுற்றுவது ஆறு வோல்டுக்கு ஏன் மிஸ் சுற்றவில்லை?” என்று ஒரு பையன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பேனல் டுபாக்கூரா?

குடியாத்தம் தம்பி
அக்கா, இன்னொரு பேனல் வாங்கி சீரியலில், ஒன்றன்பின் ஒன்றாக, மாட்டுங்கள். 12 வோல்ட் வரும், பிய்த்துக்கொண்டு ஓடும்.

ஆற்காடு ரிப்பேர் கடை
தம்பி சொல்வதைக் கேட்டுக் காசைப் போட்டுவிடாதீர்கள் மேடம். பேனல் நன்றாகத்தான் இருக்கும். கடைக்கு வாரம் ஒருவராவது இந்தக் கதையோடு வருகிறார்கள்.

நீங்கள் மோட்டார் இல்லாமல் அளந்திருக்கிறீர்கள். வேலை கொடுக்காமல் சம்பளம் கேட்டால் யாரும் பெரிய தொகைதான் சொல்வார்கள். மோட்டார் மாட்டியிருக்கும்போதே அதே இரண்டு முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். அப்புறம் பேனலைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் ஓம், அதாவது மின்தடை, எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள், பிறகு பேசலாம்.

காட்பாடி மாலை வகுப்பு
பார்த்தோம் அண்ணா. மாட்டியவுடன் 6.3 போய் 0.2 ஆகிவிட்டது! பிள்ளைகள் மீட்டர் கெட்டுவிட்டது என்று பயந்துவிட்டார்கள். மோட்டாரின் ஓம் 2.1.

ஆற்காடு ரிப்பேர் கடை
கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். பேனல் முழு வெயிலில் தரக்கூடியதே 0.1 ஆம்பியர்தான். கரண்டை ஓமால் பெருக்கினால் வோல்ட். 0.1 பெருக்கல் 2.1, விடை 0.21. மீட்டர் பொய் சொல்லவில்லை.

நின்றுகொண்டிருக்கும் மோட்டார் வெறும் செம்புச் சுருள். அது சுற்றத் தொடங்கினால்தான் உள்ளே எதிர் வோல்டேஜ் உண்டாகி, இழுக்கும் கரண்ட் குறையும். கிளம்பும் நேரத்தில் பொம்மைக் கார் மோட்டார் அரை ஆம்பியருக்கு மேலேயே கேட்கும். பென்சில் செல் அதைக் கொஞ்ச நேரம் கொடுத்துவிடும், உங்கள் பேனலால் முடியாது. சீரியலில் இன்னொன்று சேர்த்தாலும் கரண்ட் அதே 0.1 தான். பேரலலாக, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 0.2 வரும். அப்போதும் இந்த மோட்டார் கிளம்புமா என்பது சந்தேகம்தான்.

மோட்டாரை மாற்றுவது சுலபம். பழைய டிவிடி பிளேயரில் தட்டை வெளியே தள்ளி உள்ளே இழுக்க ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அதற்குக் கரண்ட் கொஞ்சமாகப் போதும். எந்த ரிப்பேர் கடையிலும் ஓரமாகக் குவிந்து கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இறக்கையைத் தடித்த அட்டையில் வெட்டாதீர்கள். பால் பாக்கெட் மாதிரி லேசாக இருக்கட்டும்.

குடியாத்தம் தம்பி
ஒத்துக்கொள்கிறேன் அண்ணா.

ஆரணி வாத்தியார்
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். மோட்டார் கிடைக்கும்வரை பிள்ளைகளைச் சும்மா உட்கார வைக்காதீர்கள் டீச்சர். பேனலின் கரண்டை நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, திருகை அதற்கு நேராக வைத்து, இரண்டு முனையையும் பேனலின் இரண்டு முனையில் வைத்தால் போதும். சோலார் பேனலை இப்படி ஷார்ட் செய்து அளக்கலாம், ஒன்றும் ஆகாது. பேட்டரியில் செய்யக் கூடாது. வீட்டு ப்ளக் பாயின்ட்டில் கனவிலும் கூடாது, உயிருக்கே ஆபத்து. அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்றிய பிறகுதான் மீட்டர் அடுத்த கைக்குப் போக வேண்டும். என் வகுப்பில் அதற்கென்றே ஒரு மாணவன் இருப்பான்.

காலை, உச்சி, சாயங்காலம் என்று மூன்று வேளையும் வோல்டையும் கரண்டையும் குறித்து வாருங்கள். என்ன வரும் என்று நான் சொல்லப் போவதில்லை.

காட்பாடி மாலை வகுப்பு
ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடியில்தான் இருந்தோம் சார். உச்சி வெயிலில் 6.2 வோல்ட், 88 மில்லி ஆம்பியர். சாயங்காலம் ஐந்து மணிக்கு 5.8 வோல்ட், ஆனால் கரண்ட் வெறும் 24! வோல்ட் அப்படியே நிற்கிறது, கரண்ட் மட்டும் வெயிலோடு இறங்குகிறது. முதல் நாள் நான் கொசுவலை அடித்த ஜன்னலுக்குள் வைத்துத்தான் சோதித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மோட்டாரும் கிடைத்துவிட்டது. அதன் ஓம் 24. மாட்டியதும் தானாகச் சுற்றியது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பாட்டி மாடி ஏறி வந்துவிட்டார்.

இப்போது இரண்டு சந்தேகம். துணி காயப்போடும் கயிற்றின் நிழல் விழுந்தால் வேகம் கொஞ்சம்தான் குறைகிறது. ஆனால் பேனலில் வரிவரியாகத் தெரியும் கோடுகளில் ஒன்றை மட்டும் விரலால் மூடினால் விசிறியே நின்றுவிடுகிறது. அதெப்படி? இன்னொன்று, கண்காட்சி வகுப்பறைக்குள் நடக்கிறது. டியூப் லைட்டில் விசிறி அசையவில்லை.

ஆரணி வாத்தியார்
அந்தக் கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். பன்னிரண்டு இருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றும் அரை வோல்ட் செல், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. அதனால்தான் 6. வரிசையில் ஒருவர் கையை விட்டால் செங்கல் கை மாறாது அல்லவா? அதே கதை. கயிற்று நிழல் செல்களுக்குக் குறுக்கே, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்திருக்கும். அதனால் தப்பித்தது.

சாய்வு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நிறுத்துவதானால் தெற்குப் பக்கம் அவ்வளவு சாய்த்து வைப்பார்கள். இந்த ஆகஸ்டில் கிடையாகப் படுக்க வைத்தாலே போதும். 18-ஆம் தேதி வாக்கில் மதியம் 12.15-க்குச் சற்றுப் பின் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மாடியில் நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. தவறவிடாதீர்கள்.

ஆற்காடு ரிப்பேர் கடை
வகுப்பறைக்கு நான் சொல்கிறேன். முதல் வழி, பேனலை ஜன்னலுக்கு வெளியே வெயிலில் வைத்து நீள ஒயரில் விசிறியை உள்ளே கொண்டு வாருங்கள். மேகம் வந்தால்தான் கஷ்டம். இரண்டாவது, பழைய குண்டு பல்பு, 100 வாட், ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில். குண்டு பல்பின் வெளிச்சத்தில் சிவப்பும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் நிறைய. பேனலில் இருக்கும் சிலிக்கானுக்கு அதுதான் பிடிக்கும். டியூப் லைட்டிலும் எல்இடி பல்பிலும் அது அவ்வளவாகக் கிடைக்காது. ஆனால் பல்பு கொதிக்கும். பிள்ளைகள் கை படாமல் ஒரு பெரியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். விசிறி நன்றாகச் சுற்றாவிட்டால் தூரத்தைக் குறையுங்கள், பாதியாக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்கு.

குடியாத்தம் தம்பி
கத்திரியில் வைத்தால் வேலூர் வெயிலுக்கு இன்னும் வேகமாகச் சுற்றும் இல்லையா வாத்தியாரே?

ஆரணி வாத்தியார்
இல்லை தம்பி. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. சூடு ஏற ஏற ஒரு செல்லுக்கு டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் போல இறங்கும். பன்னிரண்டு செல், முப்பது டிகிரி என்றால் முக்கால் வோல்ட் கிட்டப் போய்விடும். பேனலின் பின்பக்கம் ஈரத்துணி வைத்து மீட்டரைப் பாருங்கள், ஏறும்.

காட்பாடி மாலை வகுப்பு
ஏறியது சார், 0.3. கண்காட்சியும் முடிந்தது. காலையில் மேகம், குண்டு பல்பில் ஓட்டினோம். பதினொன்றுக்கு மேல் வெயில் வந்ததும் ஜன்னலுக்கு மாற்றிவிட்டோம்.

இன்னொரு கூத்து. பக்கத்து மேஜையில் எலுமிச்சையில் ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி மின்சாரம் காட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் முள்ளுக் கத்தரிக்காயில் குத்திவிட்டார்கள். துத்தநாகப் பூச்சு போட்ட ஆணிதான். ஒரு காய்க்கு 0.85 வோல்ட், மூன்றைக் கோத்தால் 2.5. பென்சில் செல்லைவிட அதிகம், மோட்டார் ஓடும் என்று ஒருத்தி சொன்னாள். முதலில் கேள்வி கேட்டானே, அந்தப் பையன், “மாட்டிட்டு அளந்து பாரு” என்றான். மாட்டி அளந்தார்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில். சிவப்பு எல்இடி மட்டும் இருட்டில் லேசாக மினுங்கியது.

ஆற்காடு ரிப்பேர் கடை
அந்தப் பையனைக் கடைக்கு அனுப்புங்கள். அப்புறம் மேடம், மின்சாரம் கத்தரிக்காயிலிருந்து வரவில்லை, ஆணியின் துத்தநாகம் கரைந்து வருகிறது. அந்த மூன்றையும் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.

காட்பாடி மாலை வகுப்பு
நல்ல வேளை சொன்னீர்கள். அம்மா அரிவாள்மனையை எடுத்துவிட்டார்கள்.