அமைச்சரிடம் எங்க ஊர் நிருபர்கள் ஏன் எதையுமே கேட்பதில்லை?

வைகைக்கரை:
பாதாளச் சாக்கடைப் பணியைப் பார்வையிட அமைச்சர் வந்திருந்தார். தோண்டிப் போட்ட தெரு இரண்டு வருஷமாக அப்படியே கிடக்கிறது, பிள்ளைகள் பலகை போட்டுத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஏழெட்டு மைக் நீட்டினார்கள். வந்த ஒரே கேள்வி, "கூட்டணி பற்றி என்ன நினைக்கிறீங்க சார்?" பயமா, அக்கறை இல்லையா?

பழைய நிருபர்:
ஆறு வருஷம் தாலுகா நிருபராக இருந்தவன் சொல்கிறேன். சம்பளம் கிடையாது, வந்த செய்திக்கு இவ்வளவு, பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்துக்குக் கமிஷன். செய்திக்காசு பெட்ரோலுக்கே பத்தாது, வீடு ஓடியது தலைவர் பிறந்தநாளுக்கு, கட்சி மாவட்டச் செயலாளராகவும் இருந்த அமைச்சர் தருகிற வாழ்த்து விளம்பரத்தில்தான். காலையில் அவரைச் சாக்கடை பற்றிக் கேட்டுவிட்டு, சாயங்காலம் அவர் வாசலிலேயே போய் விளம்பரம் கேட்டு நிற்க முடியுமா? ஒரு தடவை மணல் லாரி பற்றிக் கேட்டேன். சிரித்துக்கொண்டே "தம்பி எந்தப் பேப்பர்?" என்றார். அந்தப் பொங்கல் மலருக்கு எனக்கு ஒரு விளம்பரம்கூட வரவில்லை.

டீக்கடை பெஞ்ச்:
பணக் கவரை விட்டுட்டீங்களே அண்ணே :)

பழைய நிருபர்:
வாங்கினவங்க உண்டு தம்பி, மறைக்கவில்லை. வாங்காதவனும் கேட்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

வாய்தா வரதன்:
வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016-ல் உச்ச நீதிமன்றத்துக்குத் தமிழக அரசே கொடுத்த பட்டியல்படி ஐந்து வருஷத்தில் அரசு போட்டது 213 அவதூறு வழக்குகள், அதில் 55 ஊடகங்கள் மேல். 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் 28 வழக்குகளை ரத்து செய்தது, சரி. பெரிய பத்திரிகைக்கு வக்கீல் இருக்கிறார். தாலுகா நிருபருக்கு, தீர்ப்பு எப்படி வந்தாலும், வாய்தாவுக்கு அலைவதே தண்டனைதான்.

டீக்கடை பெஞ்ச்:
2015 டிசம்பரில் விஜயகாந்த் நிருபர்களைப் பார்த்து "ஜெயலலிதாகிட்ட இப்படிக் கேட்பீங்களா" என்று கேட்டுத் துப்பினாரே. துப்பியது அசிங்கம்தான், ஆனால் கேட்டதற்கு யார் பதில் சொன்னார்கள்?

வைகைக்கரை:
அப்போ விளம்பரம் பிடிக்க வேண்டியில்லாத நான் கேட்டால்? அடுத்த முறை அமைச்சர் வரும்போது போனை நீட்டப் போகிறேன்.

பழைய நிருபர்:
கேளுங்க. "நீங்க எந்த சேனல்?" என்றுதான் முதலில் கேட்பார்கள், அதற்கு ஒரு பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.