சிகேஏடி புதுப்பிக்க மறுபடியும் செய்முறைத் தேர்வுதானா? சிமுலேட்டரில் பாதிகூட முடியவில்லை

தெற்குவாடி, பாம்பன்

எல்லோருக்கும் வணக்கம். பல சர்வர்களில் அப்ளிகேஷன்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் மென்பொருளுக்கான டெவலப்பர் தேர்வு, அதாவது சிகேஏடி, 2023 நவம்பரில் பாஸ் செய்தேன். இப்போது புதுப்பிக்க வேண்டிய நேரம். கிளையன்ட் பக்கம் நடப்பில் உள்ள சான்றிதழ் கேட்கிறார்கள், அதனால் அப்படியே விட்டுவிடவும் முடியாது.

இரண்டு வருடமாக வேலையில் ஜாவாதான் எழுதுகிறேன். டிப்ளாய் செய்வதெல்லாம் தானாக ஓடும் பைப்லைன் பார்த்துக்கொள்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வான சிமுலேட்டரில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒன்பது கேள்விதான் முடிந்தது. குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரான்ஜாப் பற்றிய ஒரு கேள்வியில் மட்டும் இருபது நிமிடம் போனது. ஆபீஸ் பழைய ஃபைலில் பார்த்துப் பழகிய கை, வெர்ஷன் வரியில் பழைய பீட்டா வெர்ஷனையே அடித்துவிட்டேன். அது குபெர்னெட்டிஸ் 1.25-லேயே எடுக்கப்பட்டுவிட்டது என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

குபெர்னெட்டிஸ் அடிப்படைத் தேர்வான கேசிஎன்ஏ கொள்குறித் தேர்வு எழுதினால் இதைப் புதுப்பித்ததாகக் கணக்காகுமா? இல்லையென்றால் இதை விட்டுவிட்டு அமேசான் க்ளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் டெவலப்பர் அசோசியேட் தேர்வு எழுதிவிடலாமா? அது கொள்குறிதானே. இன்னொன்று, இப்போது செல்லுபடி இரண்டு வருடம்தான் என்கிறார்கள். அப்படியென்றால் என்னுடையது ஏற்கெனவே காலாவதியா? நேற்று இரவு தூக்கமே வரவில்லை.

தொண்டி

முதலில் தூங்குங்கள் சகோதரி. இரண்டு வருடக் கணக்கு 2024 ஏப்ரல் 1 முதல் பாஸ் செய்தவர்களுக்குத்தான். அதற்கு முன் வாங்கியவர்களுக்குப் பழைய மூன்று வருடமே நிற்கிறது. உங்களுக்கு 2026 நவம்பர் வரை இருக்கிறது. போர்ட்டலில் தேதியே போட்டிருக்கும், பாருங்கள்.

கேசிஎன்ஏ கணக்கில் வராது. அது 60 கேள்வி, 90 நிமிடம், அடிப்படை நிலை. சிகேஏடி புதுப்பிக்க அதே சிகேஏடியைக் காலாவதிக்கு முன் மறுபடி எழுதிப் பாஸ் செய்ய வேண்டும்.

உச்சிப்புளி

நான் கொள்குறிப் பக்கம் பேசுகிறேன். ஏடபிள்யூஎஸ் டெவலப்பர் அசோசியேட்டில் 65 கேள்வி, 130 நிமிடம், 1000-க்கு 720 எடுத்தால் பாஸ். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்று தேதி பதிவதற்கு முன்பே விண்ணப்பித்தால் 30 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதே இல்லை. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். மதுரையில் சென்டரிலேயே போய் எழுதலாம், வீட்டு நெட்டை நம்ப வேண்டியதில்லை.

கொள்குறி என்றால் மனப்பாடம் என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரு மெசேஜை க்யூவில் போடுவதா, நோட்டிஃபிகேஷனாக அனுப்புவதா, பணமும் நேரமும் எதில் மிச்சம் என்று நான்கு விடையும் சரிபோலத் தோன்றும்படி கேட்பான். யோசிக்காமல் தேர்ந்தெடுக்க முடியாது. ஏடபிள்யூஎஸ்ஸே சிஸ்ஆப்ஸ் தேர்வில் 2021-இல் லேப் கேள்விகளை, அதாவது செய்முறைக் கேள்விகளை, கொண்டுவந்து, 2023 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட்டில் அசோசியேட் சான்றிதழ்கள் ஒரு வருடம்தான் செல்லும். ஆனால் புதுப்பிப்பு இலவசம், வீட்டிலிருந்து, புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். காலாவதிக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து திறந்திருக்கும். என் நண்பன் இருக்கட்டும் இருக்கட்டும் என்று தள்ளிப்போட்டு, கடைசி நாளைத் தவறவிட்டான். முழுத் தேர்வையும் காசு கட்டி முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

தெற்குவாடி, பாம்பன்

தொண்டி அண்ணே, தேதி பார்த்தேன், நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. மிக்க நன்றி. உச்சிப்புளி அண்ணே சொல்வதைப் படித்ததும் மனது ஏடபிள்யூஎஸ் பக்கம் சாய்கிறது. ஆனால் நாங்கள் அந்த க்ளவுடையே தொடுவதில்லை.

கீழக்கரை வடக்குத்தெரு

தங்கச்சி, தொடாத ஒன்றுக்குச் சான்றிதழ் வாங்கி என்ன செய்யப் போகிறாய்? கிளையன்ட் கேட்பது குபெர்னெட்டிஸ். நான் சிகேஏடி இரண்டு முறை எழுதியவள், முதல் முறை ஃபெயில். அதனால் சொல்கிறேன், உனக்குப் பாடம் மறக்கவில்லை. கை மறந்திருக்கிறது. கொள்குறித் தேர்வு என்றால் நான்கு விடையில் சரியானது கண்ணில் பட்டதும் நினைவு வந்துவிடும். இங்கே வெறும் திரை. அதுதான் பயமாகத் தெரிகிறது.

இரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார். நான் பார்த்தபோது பாதி நேரம் யாமலை, அதாவது செட்டிங் எழுதும் ஃபைலை, கையால் அடிப்பதில் போயிருந்தது. ஒரு ஸ்பேஸ் தள்ளிவிட்டால் எரர், அதைத் தேட ஐந்து நிமிடம். கையால் அடிக்காதே. கிரியேட் கமாண்டுக்கு டிரை-ரன் (நிஜமாக உருவாக்காமல் ஒத்திகை மட்டும்) கொடுத்து யாமலாக ஃபைலில் இறக்கு, அப்புறம் தேவையான இரண்டு வரியை மட்டும் மாற்று. வெர்ஷன் வரியும் அதுவே சரியாகப் போட்டுத் தரும். உன் க்ரான்ஜாப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு ஃபீல்டின் பெயர் மறந்தால் எக்ஸ்ப்ளெயின் கமாண்ட் இருக்கிறது. தேர்வுக்குள்ளேயே குபெர்னெட்டிஸ் டாக்ஸ் திறக்கவும் அனுமதி உண்டு. ஆனால் அங்கே போய்ப் பாடம் படிக்க உட்காராதே. எந்தப் பக்கத்தில் எந்த உதாரணம் இருக்கிறது என்று தெரிந்து போய் எடுத்து வா.

நான் ஃபெயிலானதன் காரணம் நேம்ஸ்பேஸ், அதாவது க்ளஸ்டருக்குள் தனித்தனி அறை மாதிரிப் பிரித்து வைத்திருப்பது. மூன்று கேள்விக்கு விடை சரியாகவே செய்து, கேட்ட நேம்ஸ்பேஸில் வைக்காமல் டிஃபால்ட்டில் வைத்துவிட்டு வந்தேன். திருத்துகிற ஸ்கிரிப்ட் அங்கே போய்ப் பார்க்காது. இப்போது கேள்விக்கு மேலேயே எந்த ஹோஸ்டுக்குள் எஸ்எஸ்ஹெச் செய்ய வேண்டும், அதாவது எந்தக் கணினிக்குள் நுழைய வேண்டும் என்று இருக்கும். அதைச் செய், நேம்ஸ்பேஸைப் படி, அப்புறம் கேள்வியைப் படி.

66 சதவீதம் போதும். எட்டு நிமிடம் தாண்டிய கேள்வியைக் கொடி போட்டுவிட்டுக் கிளம்பு. அரைகுறையாகச் செய்ததற்கும் பகுதி மதிப்பெண் உண்டு. தவறினால் ஒரு மறுவாய்ப்பு அதே கட்டணத்தில் இருக்கிறது. சிமுலேட்டர் நிஜத் தேர்வைவிடக் கடினம், அதில் ஒன்பது வந்ததற்காக அழ வேண்டாம்.

தெற்குவாடி, பாம்பன்

லாத்தா, நீங்கள் சொன்னபடி எழுதிப் பார்த்தேன். 120 நிமிடத்தில் 50 நிமிடம் யாமல் அடித்ததுதான்!

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டில்தான் இருக்கிறார். வலை பொத்த உட்காரும் முன் ஏழெட்டு ஊசியில் நூலைச் சுற்றி வரிசையாக வைத்துக்கொள்கிறார். நடுவில் எழுந்து நூல் தேடுவதே இல்லை. நானும் தினம் காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் டிரை-ரன் மட்டுமே போட்டுப் பழகுகிறேன்.

இப்போது மிச்சப் பிரச்சினை வீடுதான். திண்ணையில் அப்பாவோடு நாலு பேர் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஜூன் 14 கழிந்து படகு இறங்கினால் சத்தம் இருக்காது, ஆனால் கச்சான் காற்று அடிக்கும்போது ஃபைபர் ஒயர் ஆடி நெட் விட்டு விட்டு வருகிறது. இந்தத் தேர்வுக்கு சென்டரும் கிடையாது, ஆன்லைனில்தான் எழுத வேண்டும்.

பட்டணங்காத்தான்

ராமநாதபுரத்தில் எங்கள் ஆபீஸில் ஒரு சின்ன அறை இருக்கிறது. கதவு பூட்டலாம், இன்வெர்ட்டர் உண்டு, இரண்டு லைன் நெட். சனிக்கிழமை யாரும் வரமாட்டார்கள். என் மனைவி வந்து திறந்துவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பாள், தயங்காமல் வாங்கம்மா. சுவரில் ஒட்டியிருப்பதை எல்லாம் எடுத்துவிடுகிறேன், ப்ராக்டர், அதாவது ஆன்லைனில் கண்காணிப்பவர், கேமராவில் அறை முழுக்கக் காட்டச் சொல்வார். மானிட்டர் ஒன்றுதான் அனுமதி.

தேதி போடும் முன் மாதாந்திர மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். மழை, காற்று என்றால் 24 மணி நேரத்துக்கு முன்பு வரை தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஐப்பசி வரை இழுக்காதீர்கள்.

முக்கியமாக, அக்கவுண்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்து, என்னைத் தேர்வுக்குள்ளேயே விடவில்லை.

தெற்குவாடி, பாம்பன்

அண்ணே, உடனே பார்த்தேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, அக்கவுண்டில் வெறும் எழுத்து. மாற்றச் சொல்லி இன்றே சப்போர்ட் டிக்கெட் போட்டுவிட்டேன்.

இரண்டாவது சிமுலேட்டர் வாய்ப்பையும் நேற்று எழுதினேன். பதினான்கு முடிந்தது, நேம்ஸ்பேஸ் ஒன்றுகூடத் தவறவில்லை. ஜூலை இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிகிறேன். பாம்பனிலிருந்து ஏழு மணி பஸ்ஸுக்கு அப்பாவும் கூட வருகிறார். உங்கள் வீட்டு அக்காவிடம் சொல்லிவையுங்கள்.